சாப்பர் மாணிக்கத்தின் கடைசி எண்

அதை வெளியே எடுக்காதீங்க சார். பையிலேயே இருக்கட்டும். நீங்க கேட்டைத் திறக்கும்போதே பார்த்தேன், பையை மார்போட அணைச்சுப் பிடிச்சிருந்தீங்க. அப்படி வர்றவங்க எல்லாரும் ஒண்ணுதான் கொண்டு வருவாங்க. ஒரு மெடல். இல்லைன்னா மடிப்பு மடிப்பாக் கிழிஞ்ச பழைய பே புக், பட்டாளத்துச் சம்பளப் புஸ்தகம். "வேலூர்ல எத்திராஜ்னு ஒருத்தர் இருக்காரு, நம்பரைக் காட்டினா போதும், ஆளு எந்தச் சண்டைக்குப் போனான், என்ன ஆனான்னு சொல்லிடுவாரு"ன்னு யாரோ சொல்லி அனுப்பியிருப்பாங்க.

முன்னாடி சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப இல்லை. வந்தவங்களுக்குக் கலெக்‌ஷனைக் காட்டுவேன், மோர் குடுப்பேன், அனுப்பிடுவேன்.

கோவிச்சுக்காதீங்க. உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. மெட்ராஸ்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்தவரை ஏன்னு சொல்லாம அனுப்பறது மரியாதை இல்லை. சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சதுல தப்பு எங்க இருக்குன்னு.

நான் சர்வே டிபார்ட்மெண்ட்ல முப்பத்தொரு வருஷம் இருந்தேன். நில அளவை. சங்கிலியில ஒரு கண்ணி தப்பினா அண்ணன் தம்பி வெட்டிக்குவாங்க சார். அதனால எனக்கு எதையும் தோராயமாச் சொல்ல வராது. இருந்தா இருக்குன்னு சொல்லுவேன், இல்லைன்னா இல்லை. நடுவுல ஒரு பேச்சு கிடையாது.

ஒருநாள் அணைக்கட்டுப் பக்கம் அளக்கப் போயிருந்தோம். ஒரு குடியானவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிறதுக்குப் பட்டாளத்து ஹெல்மெட்டை வச்சிருந்தான். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் வார்த்தோல்ல யாரோ ஆணியால ஒரு பேரைக் கீறியிருந்தான். படிக்க வரலை. அந்தப் பேரு யாருடையது, அவன் திரும்பி வந்தானா, வராமலே ஹெல்மெட் மட்டும் எப்படி வந்துச்சு? அன்னைக்குப் பிடிச்ச பைத்தியம். இருபத்தாறு வருஷம் ஆச்சு. அதோ அந்த ரெண்டு பீரோவும் அதுதான். தண்ணி பாட்டில், சாப்பாட்டுத் தட்டு, தொப்பி பேட்ஜ், திசை காட்டி, நூத்து நாப்பது மெடல். மெடல்னா எல்லாரும் முகத்தைப் பார்ப்பாங்க, ராஜா தலை, சிங்கம். நான் விளிம்பைப் பார்ப்பேன். விளிம்புலதான் நம்பரும் ரேங்கும் பேரும் பொடியா வெட்டியிருக்கும். ராஜா எல்லா மெடல்லயும் இருப்பாரு. விளிம்புல இருக்கிற ஆளு ஒரே ஒருத்தன்.

எங்க வீட்ல, மரகதம்னு பேரு, அவ சொல்லுவா, "செத்தவன் நம்பரெல்லாம் தலைகீழா ஒப்பிக்கிறீங்க, பேரனைக் கூப்புடச் சொன்னா அவன் சித்தப்பன் பேரைச் சொல்றீங்க"ன்னு. அவளுக்கு இதெல்லாம் புரியாது. இருக்கட்டும்.

அந்த மாணிக்கம் மெடல் எனக்குக் கிடைச்சது ஒரு ஞாயித்துக்கிழமைச் சந்தையில. தரையில சாக்கு விரிச்சு, பழைய பூட்டு, குழாய், லாந்தர் எல்லாம் போட்டு வித்துக்கிட்டிருந்தான் ஒருத்தன். அதுக்கு நடுவுல கிடந்தது. ரெண்டாவது உலகச் சண்டை மெடல். ராஜா தலைக்கு மேல ஒரு ஓட்டை போட்டிருந்தது. ஓட்டை போட்ட மெடலை, சேகரிக்கிறவங்க தொட மாட்டாங்க. நான் எடுத்தேன். ஓட்டைன்னா யாரோ கயித்துல கோத்துப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். ஒரு வீட்ல இருந்திருக்கு.

விளிம்பு முழுக்க அழுக்கு ஏறிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து பல்பொடி போட்டுத் தேய்ச்சேன். பழைய மெடலைத் தேய்க்கக் கூடாது சார், அது பெரிய பாவம், ஆனா படிக்கணும்னு அவசரம். லென்ஸ் வச்சுப் பார்த்தேன். சாப்பர் மாணிக்கம்னு வந்துச்சு. சாப்பர்னா தெரியுமில்ல, பாலம் கட்டுறவங்க, ரோடு போடுறவங்க, வெடியை எடுக்கிறவங்க. நம்பரும் வந்துச்சு. கடைசி எண் எட்டு.

எட்டு. அதை ஞாபகம் வச்சுக்குங்க.

ஆறேழு மாசம் கழிச்சு எருக்கம்பட்டுலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. தாமோதரன்னு பேரு, ரிட்டயர்டு சுபேதார். அவங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனவன். சண்டையில செத்தவங்களுக்கு ஒரு நினைவுத் தூண் கட்டுறாங்க. கருங்கல்லு. பேரெல்லாம் கல்லுல வெட்டறாங்க. "ஊர்ல ஆளாளுக்கு ஒரு பேரு சொல்றாங்க சார், எது மெய் எது பொய்னு பார்த்து நீங்கதான் பட்டியல் குடுக்கணும்"னாரு. இருபத்தேழு பேரு. அதுல பன்னெண்டாவது பேரு, மாணிக்கம், சாப்பர், பர்மா.

என் மெடல்ல இருந்த அதே பேரு சார். மெடலை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மறுநாளே போனேன்.

மாணிக்கத்துக்கு ஒரே பொண்ணு. பூங்காவனம்னு பேரு. அறுபத்தொன்பது வயசு. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்சு ரிட்டயர் ஆனவங்க. புருஷன் இல்லை, மகன் திருப்பூர்ல. வயித்துல இருக்கும்போதே அப்பா போயிட்டாரு, முகமே பார்த்ததில்லை. படம்கூட ஒண்ணும் இல்லை. அந்தப் பக்கம் அப்பாவை நைனான்னு சொல்லுவாங்க. வார்த்தைக்கு வார்த்தை எங்க நைனா, எங்க நைனா.

மெடலை எடுத்துக் காட்டினேன். கையில வாங்கினாங்க. முகத்தையும் பார்க்கலை, விளிம்பையும் பார்க்கலை. அந்த ஓட்டையை விரலால தடவினாங்க. தடவிட்டு என்னைப் பார்த்தாங்க.

"இது எங்க அம்மா போட்ட ஓட்டை சார். ஆசாரிகிட்ட குடுத்துப் போட்டாங்க. கறுப்புக் கயித்துல கோத்து என் கழுத்துல கட்டி வுட்டாங்க. இஸ்கூலுக்குப் போட்டுக்கினு போவேன். டீச்சரு, ராசா வராரு ராசா வராருன்னு கேலி பண்ணும். அப்புறம் ஒரு பஞ்சம் வந்திச்சு. அம்மா பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டு ஒரு சொம்பு வாங்கினாங்க. நான் மூணு நாளு அழுதேன்."

சொல்லிட்டு அதைக் கன்னத்துல வச்சுக்கிட்டாங்க. நான் கையை நீட்டினேன். குடுத்துட்டாங்க. நானும் அங்க விட்டுட்டு வந்திருக்கலாம்னு நீங்க நினைக்கலாம். ஒரு வீட்ல இருந்தா மறுபடியும் எந்தப் பாத்திரக்காரன் கையில போகுமோ? இங்க பீரோவுல பத்திரமா இருக்கும், பூச்சி உருண்டை போட்டு வச்சிருக்கேன்.

பென்ஷன் வந்துச்சாம்மான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. அவங்க அம்மாகிட்ட ஆபீசுலேர்ந்து ஆள் வந்து, உன் புருஷன் செத்துட்டான்னு இந்தப் பேப்பர்ல கைநாட்டு வை, மாசாமாசம் பணம் வரும்னு சொன்னாங்களாம். அவங்க அம்மா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டாங்களாம். "அவரு செத்தாருன்னு நான் கைநாட்டு வைக்க மாட்டேன்"னுட்டாங்களாம். கடைசி வரைக்கும் வைக்கலை.

நான் அதை நோட்டுல எழுதிக்கிட்டேன். பென்ஷன் வாங்காத விதவை. யோசிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம்தான் பட்டாளத்துப் பேர்ப்பட்டியல் கிடைச்சது. பட்டாளத்துல கிளார்க்கா இருந்து செத்துப்போன ஒருத்தரோட வீட்ல ஒரு பழைய ரோல் இருந்தது. நம்பர், பேரு, ஊரு, கடைசியில என்ன ஆனான்னு ஒரு குறிப்பு. ஊர் பேரு இருந்த பக்கத்தைச் செல்லு அரிச்சிட்டது. நம்பரும் பேரும் குறிப்பும் நல்லா இருந்தது. நகல் எடுத்துக்கிட்டு வந்து இந்த மேஜையில விரிச்சேன். மாணிக்கம்னு மட்டும் பதினொரு பேரு. அதுல ரெண்டு பேருக்கு நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணு, கடைசி எண்தான் வேற. மூணுல முடியறவரு, நாப்பத்தி நாலு ஜூன்ல பாலம் கட்டும்போது ஆத்துல மூழ்கிச் செத்தாரு. எட்டுல முடியறவரு, நாப்பத்தி மூணு நவம்பர்ல படையை விட்டு ஓடிட்டாரு.

என் கையில இருக்கிற மெடல் எட்டு. அது பூங்காவனத்தோட அப்பா மெடல்தான்னு அவங்களே ஓட்டையைத் தடவி அடையாளம் சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க. எங்கயாவது இடைவெளி இருக்கா? சர்வேயில இதைவிடப் பக்காவா ஒரு எல்லைக் கல்லு நட முடியாது.

தாமோதரன்கிட்ட முதல்ல தனியாத்தான் சொன்னேன். "விட்டுடலாமே சார். ஒரு பேருதானே. எழுபது வருஷம் ஆச்சு, எவன் கேக்கப் போறான்"னாரு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. "மத்த இருபத்தாறு பேரும் நின்னு செத்தவங்க. ஓடினவன் பேரை அவங்க பக்கத்துல வெட்டினா அது அவங்களுக்கு அவமானம் இல்லையா? பொய்ப் பட்டியல்ல என் கையெழுத்து இருக்காது"ன்னேன். அவரு ராணுவக்காரர். சரின்னுட்டாரு.

பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க. எல்லாக் குடும்பத்தையும் கூப்பிட்டிருந்தாங்க. அந்தம்மா முன் பெஞ்சுல, மொடமொடன்னு கஞ்சி போட்ட பச்சைப் புடவையில உட்கார்ந்திருந்தாங்க. நான் நாசூக்காத்தான் சொன்னேன். "பன்னெண்டாவது பேருக்கு ஆதாரம் பொருந்தலை. அவர் சண்டையில சாகலை. படையை விட்டு ஓடினதா ரெக்கார்டு சொல்லுது." அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடுதலாச் சொல்லலை.

அந்தம்மா எழுந்து நின்னாங்க. சத்தம் போடுவாங்கன்னு நினைச்சேன். இல்லை. "சார், ஒரு சந்தேகம்"னாங்க. பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவங்க இல்லையா, கையைக்கூட லேசாத் தூக்கினாங்க. "ஓடினவருக்கு எதுக்கு சார் மெடல் குடுத்தாங்க?"

நான், "அந்தக் காலத்துல லட்சக்கணக்கான பேரும்மா. கிளார்க்குங்க தப்பு பண்ணியிருப்பாங்க"ன்னேன்.

"சரி சார்"னாங்க. அப்புறம், "ஓடி எங்க போனாரு?"

"அது தெரியலைம்மா."

"வூட்டுக்கு வரலையே."

அடுத்த பேருக்குப் போயிட்டேன்.

தூண் திறப்பு விழா தை மாசம் நடந்தது. மேளம், கொடி, மிலிட்டரி பேண்டு எல்லாம் வச்சிருந்தாங்க. இருபத்தாறு பேரு. எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. மேடையிலேர்ந்து பார்க்கிறேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புல அந்தம்மா நிக்கிறாங்க. கையில பை இல்லை, எதுவும் இல்லை. மூணு பஸ் வந்து போச்சு. ஏறலை. விழா முடியற வரைக்கும் அப்படியே நின்னாங்க.

ஒரு பேப்பர்லேர்ந்து வந்து என்னைப் பேட்டி எடுத்தாங்க. தூணைப் பத்தியும் எழுதினாங்க, என் கலெக்‌ஷனைப் பத்தியும் எழுதினாங்க. எப்படி ஒரு எண்ணை வச்சு உண்மையைக் கண்டுபிடிச்சேன்னு நான் சொன்னதைப் பெட்டிச் செய்தியாப் போட்டாங்க. ஊர் பேரு போட வேணாம்னு நானே சொல்லியிருந்தேன். ஆனா நம்பர் போட்டாங்க. மாணிக்கம்ங்கிற பேரும் போட்டாங்க.

அதுதான் சார் வினை.

அடுத்த ஆவணியில ஒரு ஆளு வந்தாரு. சென்றாயன்னு பேரு, பென்னாகரம் பக்கம், பஸ் கண்டக்டர். கையில அந்தப் பேப்பர் துண்டு. நல்ல சிரிச்ச முகம். உள்ளே வரும்போதே, "சார், எங்க தாத்தாவைப் பத்தி எழுதியிருக்கீங்களே, வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன்"ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் புரியலை. ஒரு பிளாஸ்டிக் கவர்லேர்ந்து ஒரு காகிதத்தை எடுத்தாரு. ராணுவ ஜெயில்லேர்ந்து விடுதலை பண்ணின காகிதம். ஒரிஜினல். சாப்பர் மாணிக்கம், நம்பர் அதே நம்பர், கடைசி எண் எட்டு.

"எங்க தாத்தா ஓடித்தான் சார் வந்தாரு. பர்மாவுக்குப் போகலை, கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே கம்பி நீட்டிட்டாரு. அப்புறம் பிடிச்சு ஒன்பது மாசம் உள்ள வச்சாங்க. சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. அவரு ஓடி வந்ததாலதான் நாங்க நாப்பத்தி மூணு உருப்படி இருக்கோம்"னு சொல்லி அவரும் சிரிக்கிறாரு. மெடல் குடுத்தாங்களான்னு கேட்டேன். "ஓடினவனுக்கு எவன் சார் மெடல் குடுப்பான்? அதான் பறிச்சுக்குவாங்களே"ன்னாரு.

எனக்குத் தெரியும் சார் அது. ஓடினா மெடல் பறிபோகும். இருபத்தாறு வருஷமா இதைப் படிக்கிறவன் நான். எனக்குத் தெரியாதா?

அவரு போனதும் பீரோவைத் திறந்து மெடலை எடுத்தேன். மாடிக்குப் போனேன், நல்ல வெயில். லென்ஸை வச்சேன். எட்டுதான் தெரிஞ்சுது. ஒரு குண்டூசியை எடுத்து அந்த எண்ணோட இடது பக்கம் மெதுவாக் கீறினேன். வெள்ளையாப் பொடி உதிர்ந்துச்சு. பல்பொடி. அந்த இடத்துல விளிம்பு லேசா அடி வாங்கி ஒரு பள்ளம் இருந்திருக்கு. நான் தேய்ச்ச பல்பொடி அதுல ஏறி இறுகி, எண்ணோட வாயை அடைச்சு வட்டமாக் காட்டியிருக்கு. ஊதினேன். மூணு.

மூணு சார். ஆத்துல மூழ்கினவரு.

மாடியிலேயே உட்கார்ந்துட்டேன். மரகதம் துணி எடுக்க வந்தவ என்னன்னு கேட்டா. சொன்னேன். அவ துணியைக் கூடையில போட்டுட்டு, "இன்னைக்கே போங்க"ன்னா.

போகலை. எட்டு மாசம் போகலை. முதல்ல மழை. அப்புறம் மரகதத்துக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் எனக்கு முட்டி வலி. நான் வேணும்னு தள்ளிப் போடலை சார். ரோலை மறுபடியும் சரி பார்க்கணும், இன்னொரு ஆதாரம் கிடைக்குமான்னு பார்க்கணும். ஒரு தடவை தப்பினவன் ரெண்டாவது தடவை தப்பக் கூடாதில்லையா? அந்தக் கிளார்க்கு வீட்டுக்கு மறுபடி போனேன், வேற ஒரு புஸ்தகம் கிடைச்சது, அதுலயும் மூணுல முடியறவரு, ஜூன் மாசம், ஆத்துல மூழ்கினதா இருந்தது. தாமோதரனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "கல்லுல பக்கவாட்டுல இடம் இருக்கு, வெட்டிக்கலாம். அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் வர மாட்டேன்"னுட்டு வச்சுட்டாரு.

சித்திரையில போனேன். உச்சி வெயில். அந்தம்மா வாசல்ல முறத்துல புளியைக் கொட்டி, அருவாமணையில வச்சுக் கொட்டை எடுத்துக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்குவாங்கன்னு தயாரா இருந்தேன். அப்படி இல்லை. "வாங்க சார், வெயில்ல வந்துக்கீறீங்க, உக்காருங்க"ன்னு ஸ்டூல் போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. ஆளு இளைச்சிருந்தாங்க. ஆனா முகத்துல ஒரு தெளிவு இருந்தது. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு.

நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி அவங்களே ஆரம்பிச்சாங்க.

"ரெண்டு மாசம் சோறு எறங்கலை சார் எனக்கு. ஓடினதுக்காக இல்ல. ஓடினவரு ஏன் வூட்டுக்கு வரலை? இது ஒண்ணுதான். எங்கம்மா கறுப்பு, அதுக்காவா? பொண்ணு பொறந்திருக்குன்னு கடுதாசி போட்டாங்களாமே, அதுக்காவா? வெளியில தலை காட்டலை. அப்புறம் ஒருநாளு இதே மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன், சட்டுனு தோணிச்சு. ஓடினாருன்னா குண்டு படலை இல்ல? அன்னிக்கு ஒருவேளை எங்கயாவது சாப்ட்டிருப்பாரு. ஒரு மரத்தடியில படுத்துத் தூங்கியிருப்பாரு. இருபத்து மூணு வயசு சார் அவருக்கு. என் மகனைவிடச் சின்னப் பையன். சாவாம இருந்தா போதும்னு ஓடியிருப்பாரு."

நான் தலையை ஆட்டினேன்.

"அந்தப் பக்கமே எவளாவது ஒருத்தியைக் கட்டிக்கினு இருந்திருப்பாரு. இருக்கட்டும். எனக்கு ஒரு தம்பி இருக்கும், ஒரு தங்கச்சி இருக்கும். இந்த மூக்கு இருக்கும் அதுங்களுக்கு. எங்கம்மா சொல்லும், மூக்கு உங்க நைனா மூக்குன்னு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொண்ணூத்தி மூணு வயசு. சில பேரு இருக்காங்க இல்ல சார், நூறு வயசுகூட? ஆடி அமாவாசைக்குப் படையல் போடுறதை வுட்டுட்டேன். உயிரோட இருக்கிறவருக்குப் போடக் கூடாதில்ல?"

சொல்லிட்டுச் சிரிச்சாங்க. வெக்கப்பட்ட மாதிரி ஒரு சிரிப்பு.

அப்ப நான் எழுந்து வந்திருக்கலாம் சார். சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேம்மான்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். திரும்பி வந்ததும் மரகதமும் அதைத்தான் கேட்டா. ஆனா கல்லுல பேரு வெட்டப் போறாங்க, அது அவங்க காதுக்கு வராமப் போகுமா? எட்டு மாசம் என் நெஞ்சுல கிடந்தது. அதுவும் போக, தெரிஞ்ச உண்மையைச் சொல்லாம இருக்கிறது எனக்கு வராது. முப்பத்தொரு வருஷம் அப்படியே பழகிட்டேன்.

சொன்னேன். பல்பொடியையும் சொன்னேன், பென்னாகரத்து மாணிக்கத்தையும் சொன்னேன். மெடலை எடுத்து முறத்து ஓரமா வச்சேன். "இது உங்களுதும்மா"ன்னேன்.

அவங்க கை நிக்கலை. கொட்டையை எடுத்துக்கிட்டே இருந்தாங்க.

"அப்ப எட்டு இல்லியா?"

"இல்லம்மா. மூணு."

"மூணுக்கு இன்னா போட்டிருக்கு?"

"நாப்பத்தி நாலு. ஜூன் மாசம். பாலம் கட்டும்போது. ஆத்துல."

"நைனாவுக்கு நல்லா நீச்சல் தெரியும். அம்மா சொல்லும்."

"வெள்ளம் ஜாஸ்தியா இருந்திருக்கும்மா."

அப்பதான் நிமிர்ந்து பார்த்தாங்க. "இருந்திருக்குமா? இருந்திச்சா?"

நான் முறத்தைப் பார்த்தேன்.

"நிச்சயமா சார் இது? அன்னிக்கும் நிச்சயம்னுதான் சொன்னீங்க."

"ரெண்டு புஸ்தகத்துல பார்த்துட்டேம்மா. இந்தத் தடவை நிச்சயம். தாமோதரன்கிட்ட சொல்லியிருக்கேன், பேரை வெட்டிடுவாங்க. உங்க அப்பாவுக்குச் சேர வேண்டிய மரியாதை..."

"வெட்டுங்க, வெட்டாதீங்க. அது உங்க வேலை"ன்னாங்க.

முறத்தை ஓரமா நகர்த்தி வச்சாங்க. மெடல் அதுலயே கிடந்தது. முட்டியில கையை ஊனி எழுந்தாங்க. உள்ளே போனாங்க. ஏதோ எடுத்துட்டு வரப் போறாங்கன்னு நினைச்சேன். பின்பக்கம் தொட்டியில சொம்பு முட்டுற சத்தம் கேட்டுது. அப்புறம் தண்ணி விழுற சத்தம். சொம்பு சொம்பா, நிறுத்தாம. செத்த சேதி காதுல விழுந்தா தலை முழுகணும் இல்லையா. அழுகைச் சத்தம் ஏதாவது வருதான்னு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணிச் சத்தம் மட்டும்தான். ரொம்ப நேரம்.

அதே புடவையோட, சொட்டச் சொட்ட வந்து, சுவத்துல சாஞ்சு தரையில உட்கார்ந்தாங்க. நரைச்ச முடி முகத்துல ஒட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா பார்த்துட்டுப் பதறி ஓடி வந்தாங்க.

"இன்னாக்கா? யாரு? யாருக்கு இன்னா?"

"எங்க நைனா செத்துட்டாரு"ன்னாங்க.

அந்த எதிர்வீட்டு அம்மா அவங்களைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் விளங்கலை. ஆனா பக்கத்துல போய் உட்கார்ந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

எனக்கு இருப்பு கொள்ளலை. எழுந்தேன். வாய்ப் பழக்கத்துல, "அப்ப நான் போயிட்டு வரேம்மா"ன்னுட்டேன்.

அவங்க கண்ணைத் திறக்காமலே சொன்னாங்க. "துக்க வூட்ல சொல்லிக்கினு போவக் கூடாது சார். சும்மா போங்க."

செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வந்தேன். தெருமுனை வரைக்கும் கால்ல போடலை. சித்திரை வெயில் சார், தார் ரோடு.